பெல்ட் போட்டது அவள், கையெழுத்துப் போட்டது நான்

சிகிச்சை என்று வரும்போது, வளர்கிற பிள்ளையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? நாலு வருஷமாக மனசில் கிடக்கும் விஷயம் இது. எழுதலாமா என்று என் அக்கா மகளிடம் போன வாரம் கேட்டேன். "என் பேரைப் போடாதீங்க மாமா. மத்தபடி எல்லாத்தையும் எழுதுங்க, அந்த மாவுக்கட்டு ரூமையும் எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே இங்கேயும் பாப்பா என்றே சொல்லிக்கொள்கிறேன். இப்போது அவளுக்கு 17 வயது, ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருக்கிறது.

முதலில் கவனித்தது தையல்கார அக்காதான். எட்டாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போது "புள்ளைக்கு ஒரு தோளு எறங்கியிருக்கே, போன வருஷம் இப்படி இல்லையே" என்று சொல்லியிருக்கிறார். ஒரே தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போகிறாள், அதனால் இருக்கும் என்று அக்கா விட்டுவிட்டாள். அப்புறம் மார்கழியில் ஒருநாள் பாப்பா வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற என் அம்மா பார்த்துவிட்டார். முதுகில் வலது பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தது. டாக்டரிடம் போனால் அவரும் முதலில் செய்வது அதைத்தான், குனியச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். எங்கள் வீட்டில் அது வாசலிலேயே நடந்துவிட்டது.

ஸ்கோலியோசிஸ் என்றார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வளர்கிற வயதில் வரும் இந்த வகைக்குப் பெரும்பாலும் காரணம் சொல்ல முடியாது. பை தூக்கியதாலோ கோணலாக உட்கார்ந்ததாலோ வருவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மூன்று மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பிள்ளையை "நிமிந்து உக்காரு, நிமிந்து உக்காருன்னு எத்தனை தடவை சொன்னோம்" என்றே திட்டிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. 25 டிகிரிக்கு மேல் வளைந்து, பிள்ளை இன்னும் வளர வேண்டியிருந்தால் பெல்ட் போடச் சொல்வார்கள். 45, 50 என்று போய்விட்டால் முதுகைத் திறந்து கம்பியும் திருகாணியும் வைத்து எலும்புகளை ஒன்றாக இணைக்கிற ஆபரேஷன். பாப்பாவுக்கு அப்போது 31 டிகிரி, 13 வயது.

எதற்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அத்தான் மஸ்கட்டில். அக்கா பள்ளிக்கூட டீச்சர், அன்றைக்குப் பரீட்சை டியூட்டி, விட முடியாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் சென்டரில் ஒரு தாளை நீட்டி "கார்டியன் யாருங்க" என்று கேட்டார்கள், நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் தாய்மாமன் என்று எழுதினேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பாப்பா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள், "என்ன மாமா எழுதியிருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா ஸ்கேனுக்குத்தான்" என்றேன்.

நானும் அதைப் படிக்கவில்லை. படிக்காத நான் போட்ட கையெழுத்து செல்லும். அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்கப் போகிறவள் படித்துவிட்டுப் போட்டிருந்தால்கூட அது செல்லாது. அன்றைக்கு இது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது மாவுக்கட்டு ரூம்.

பெல்ட் என்று நாங்கள் சொன்னாலும் அது இடுப்பில் கட்டும் பெல்ட் மாதிரி இல்லை. அக்குள் தொட்டு இடுப்புக்குக் கீழே வரை உடம்பைச் சுற்றி மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக் கூடு, முன்னாலோ பின்னாலோ பட்டை போட்டு இறுக்குவார்கள். அதைச் செய்வதற்கு உடம்பின் அச்சு வேண்டும். மெல்லிய பனியன் துணி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, உடம்பைச் சுற்றி ஈர மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, காய்கிற வரை நிற்க வைத்து, பிறகு வெட்டி எடுப்பார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்தவர்கள் இரண்டு ஆண்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை, ஒரு திரை மட்டும். அக்கா உள்ளே இருந்தாள், ஆனால் அவளுக்கும் என்ன செய்யப் போகிறார்கள் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. நான் கவுண்டரில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். "கையைத் தூக்கு, அசையாதே, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று அக்காவைப் பார்த்தே பேசினார்களாம். பாப்பாவிடம் ஒரு வார்த்தை, "இப்படி இப்படிச் செய்யப் போறோம்மா, சரியா, ஒரு லேடி ஸ்டாஃபைக் கூப்பிடட்டுமா" என்று கேட்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

அந்த மனிதர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு அது பத்தாவது மாவுக்கட்டாக இருந்திருக்கும். ஆனால் பாப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நாங்களும் தலைவலி என்றே நம்பினோம்.

ஒரு நாளைக்கு 20 மணி நேரம் போட வேண்டும் என்றார்கள். திருச்சியில், சித்திரை வெயிலில். அக்கா தன்னால் முடிந்ததெல்லாம் செய்தாள், ஒரு சைஸ் பெரிய யூனிஃபார்ம் தைத்தாள், உள்ளே போட காட்டன் பனியன் டஜன் கணக்கில் வாங்கினாள், பவுடர் போட்டு அனுப்பினாள். ஐந்து மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் 38 டிகிரி. பெல்ட் போட்டும் ஏன் ஏறுகிறது என்று எல்லோரும் முழித்தபோது, பாப்பாவே அழுதுகொண்டு சொன்னாள். காலையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். போகிற வழியில் தோழி வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் டியூஷன் முடித்து வரும்போது திரும்ப மாட்டிக்கொண்டு வீடு. ராத்திரி எல்லோரும் தூங்கியதும் பட்டைகளைத் தளர்த்திவிடுவாள். ஐந்து மாதம், ஒரு நாள் விடாமல்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் அத்தான் கத்தினார். அம்மா "பொட்டப் புள்ள, நாளைக்கு யாரு கட்டிக்குவா" என்று ஆரம்பித்தார். நான் என் பங்குக்குச் செலவுக் கணக்குச் சொன்னேன். ஒருவர்கூட "ஏம்மா கழட்டின?" என்று பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

அப்புறம் சென்னையில் வேறொரு முதுகெலும்பு டாக்டரிடம் போனோம். ஃபைலைப் பார்த்தார், குனியச் சொன்னார், எக்ஸ்ரேயில் கோடு போட்டு அளந்தார். அக்கா பெல்ட் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, சார், ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க, சிஸ்டர் இங்க இருப்பாங்க, நான் இவங்ககிட்ட பேசிக்கறேன்." இவங்க என்றது பாப்பாவை. அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. பெற்ற தாயை வெளியே போகச் சொல்கிறாரே என்று நடைபாதையில் நின்று என்னிடம் பொருமினாள், எனக்கும் கோபம்தான். 20 நிமிடம் ஆனது.

உள்ளே கூப்பிட்டபோது மேசையில் ஒரு தாள் இருந்தது. அதில் பாப்பாவின் கையெழுத்தில் சாயங்காலம் 5 முதல் காலை 7 வரை என்று எழுதியிருந்தது. கீழே, ஞாயிறு மதியமும் போடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போட மாட்டேன். புது அச்சு லேடி ஸ்டாஃப்தான் எடுக்கணும். நான் 14 மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிட்டு "போன டாக்டர் 20 சொன்னாரே சார்" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பின்னால் நானே தேடிப் படித்தும் உறுதி செய்துகொண்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு, 2013இல் வெளிவந்தது. பெல்ட் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகவில்லை, போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பெல்ட்டுகளுக்குள் உடம்புச் சூட்டைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள், அதனால் பிள்ளை உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டது என்பது தெரிந்தது. டாக்டர்கள் சொன்னது குறைந்தது 18 மணி நேரம். ஆனால் சராசரியாக 13 மணி நேரம் போட்டவர்களிடமே பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்திருந்தது.

"20ன்னு எழுதிக் குடுத்து நாலு மணி நேரம் போடறதுக்கு, 14ன்னு அவங்களே சொல்லி 14 போட்டா எனக்குப் போதும்" என்றார்.

போட்டாள். இரண்டரை வருஷம் போட்டாள். யாரும் காவல் காக்கவில்லை. 39இல் வந்து நின்றது, வளர்ச்சி முடிந்தது, போன வருஷம் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, பிள்ளையைக் கேட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 14 மணி நேரம் போட்டும் 50க்குப் போயிருக்கலாம், அப்படி ஆகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போயிருந்தாலும் அந்த 20 நிமிடம் சரியான காரியம் என்றே சொல்வேன். முதுகு அவளுடையது.

அதற்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை, ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான். நம் நாட்டில் வளரிளம் பருவத்தினரின் சிகிச்சைச் சம்மதத்துக்கென்று தனியாக ஒரு சட்டமே இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89, 90ஆம் பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 27, 28, இவை 12 வயதைப் பற்றிப் பேசுகின்றன. 12க்குக் கீழே இருக்கும் குழந்தைக்காகக் காப்பாளர் சம்மதம் தரலாம், அந்தக் குழந்தையின் சம்மதம் பொதுவாகச் செல்லாது. 12க்கும் 18க்கும் நடுவே இருப்பவர்களைப் பற்றித் தெளிவாக ஒன்றும் இல்லை. அதனால் 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டத்தில் இருக்கிற 18ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகள் பெற்றோர் கையெழுத்தை வாங்கிக்கொள்கின்றன. டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது, நாளைக்குக் கேஸ் என்று வந்தால் அவர்கள்தான் நிற்க வேண்டும்.

சரி, 18 ஆகாத பிள்ளைக்குப் புரியாது என்று நம் சட்டம் எல்லா இடத்திலும் நினைக்கிறதா என்றால் அதுவும் இல்லை, இதுதான் என்னை உலுக்கியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, 16 முடிந்த ஒரு பையன் கொடூரமான குற்றம் செய்ததாக வந்தால், செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் அவனுக்கு இருந்ததா என்று இளைஞர் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் உளவியல் நிபுணர்களை வைத்துப் பார்க்கலாம். இருந்தது என்று பட்டால் பெரியவர்களைப் போலவே அவனை விசாரிக்க வழி உண்டு. அதாவது 16 வயதுக்காரருக்குப் புரிகிறதா இல்லையா என்று உட்கார்ந்து பார்க்க முடியும் என்று நம் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, தண்டனை என்று வரும்போது. ஊசி போடுவதற்கும் ஆபரேஷனுக்கும் மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம். இதை நான் மூன்று தடவை படித்தேன். எச்ஐவியால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், 12 வயதிலிருந்து 18க்குள் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் குடும்பக் காரியங்களைப் புரிந்து நடத்தும் பக்குவம் இருந்தால், அந்தப் பிள்ளை தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வங்கிக் கணக்கு நடத்த, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய. சட்டம் எழுதியவர்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அப்பா அம்மா போய்விட்ட வீடுகளில் மூத்த பெண்தானே எல்லாம் செய்கிறாள். அந்த வீட்டு 13 வயதுப் பெண் தங்கையின் மாத்திரைக்காகக் கையெழுத்துப் போடலாம் என்றால், என் பாப்பா தன் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

ஆராய்ச்சி என்று போனால் அங்கே இன்னும் ஒரு படி மேலே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஒரு பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 7 வயதிலிருந்து 12 வரை பிள்ளையிடம் வாய்மொழியாக ஒப்புதல் கேட்க வேண்டும், 12லிருந்து 18 வரை எழுத்தில் வாங்க வேண்டும். பெற்றோர் தருவது சம்மதம், பிள்ளை தருவது ஒப்புதல் என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இதே வழக்கத்தைச் சாதாரண சிகிச்சைக்கும் கொண்டுவர எந்தப் பெரிய சட்டமும் வேண்டாம், தாளில் இன்னொரு கோடு போட்டால் போதும். அந்த மாவுக்கட்டு ரூமுக்கு முன்னால் அப்படி ஒரு கோடு இருந்திருந்தால், அதில் கையெழுத்து வாங்குவதற்காகவாவது யாரோ ஒருவர் பாப்பாவிடம் என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கியிருப்பார்.

மற்ற ஊர்களில் இந்தச் சண்டை எப்போதோ நடந்துவிட்டது. இங்கிலாந்தில் 16 வயதானவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று 1969லேயே சட்டம் வந்தது. 16க்குக் கீழே? அந்தக் கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனவர் விக்டோரியா கில்லிக் என்கிற தாய், பத்துப் பிள்ளை பெற்றவர். என் மகள்கள் 16 ஆகும் முன்னால் எனக்குத் தெரியாமல் டாக்டர் கருத்தடை ஆலோசனையோ மருந்தோ தரக் கூடாது என்பது அவர் வழக்கு. முதல் கோர்ட்டில் தோற்றார், மேல்முறையீட்டில் ஜெயித்தார், கடைசியாக 1985 அக்டோபரில், அப்போது அந்த நாட்டின் கடைசிக் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். எல்லாக் கட்டத்தையும் சேர்த்து எண்ணினால் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அவர் பக்கம்தான் இருந்தார்கள், அவ்வளவு கிட்டத்தில் போன வழக்கு. நீதிபதி ஸ்கார்மன் சொன்னதன் சாரம் இது: என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முழுசாகப் புரிந்துகொள்ளும் அறிவும் பக்குவமும் பிள்ளைக்கு வந்துவிட்டால், அதுவரை பெற்றோர் வைத்திருந்த உரிமை அந்தப் பிள்ளைக்கு வழிவிட வேண்டும்.

இதை அக்காவுக்கு நான் விளக்கியபோது "இதைத்தானே நம்ம ஊர்ல தோளுக்கு மேல வளந்தா தோழன்னு சொல்றாங்க" என்றாள். ஆமாம், ஆனால் அதை நாம் பையன்களுக்குத்தான் சொல்கிறோம், அதுவும் நிலம் விற்கும்போதும் வண்டி வாங்கும்போதும். ஆஸ்பத்திரி வரண்டாவில் அந்தப் பேச்சை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

கில்லிக் அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்ற பயம் எந்தத் தாய்க்கும் இருக்கும். நடைபாதையில் நின்ற என் அக்காவுக்கும் அதே பயம்தான். அந்தத் தீர்ப்பிலும் டாக்டர் முதலில் பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையைத் தூண்ட வேண்டும் என்றே இருக்கிறது. பிள்ளை மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதுதான் அங்கே கேள்வி. அந்த இடத்தில் கதவைச் சாத்தினால் பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும் என்று நினைக்கிறோம். பேசாது. தோழி வீட்டில் பெல்ட்டைக் கழற்றி வைக்கும். பெல்ட் என்றால் பரவாயில்லை, முகப்பருவுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமைத் தடவிக்கொள்ளும், தூக்கம் வராமல் ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் கிடக்கும், வயிற்றில் ஒன்று வளர்ந்தாலும் மறைக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம் ரொம்பக் கடினம். 18க்குக் கீழே கருக்கலைப்புக்குக் காப்பாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், 1971லிருந்து அப்படித்தான். அதோடு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். இந்தப் பயத்திலேயே பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வராமல் போகிறார்கள் என்பதால், அப்படித் தகவல் தரும்போது சிறுமியின் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் மகாராஷ்டிரத்தின் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. கர்ப்பமாக இருக்கும் சிறுமியின் விருப்பம் காப்பாளரின் விருப்பத்திலிருந்து வேறாக இருந்தால், கோர்ட் சிறுமியின் எண்ணத்தை முக்கியமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது. கோர்ட் வரை போக முடிந்தவர்களுக்குச் சரி.

இவ்வளவு பேசிவிட்டு, என்னைத் தூங்க விடாத ஒரு வழக்கைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. இங்கிலாந்தில் 15 வயதுப் பையன், ரத்தப் புற்றுநோய், யெகோவா சாட்சிகள் குடும்பம், அதாவது ரத்தம் ஏற்றுவதை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு. ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றான், அப்பா அம்மாவும் அவன் பக்கம். ஆஸ்பத்திரி கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி அவனை நேரில் பார்த்துப் பேசினார், புத்திசாலிப் பையன் என்று கண்டார், ஆனால் தான் எப்படிச் சாவான், சாகும்போது என்ன ஆகும் என்பது அவனுக்கு முழுசாகப் புரியவில்லை என்று சொல்லி ரத்தம் ஏற்ற உத்தரவிட்டார். ஏற்றினார்கள். 18 ஆனதும் அவன் மறுத்தான், இறந்துபோனான்.

நீதிபதி செய்தது சரியா தப்பா? 15 வயதில் அவன் சொன்னதை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. கை வரவில்லை. என் பாப்பா அந்த வயதில் அப்படி ஒரு முடிவு சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்தாவது ஏற்றச் சொல்லியிருப்பேன். ஆனால் 18 ஆன பிறகும் அவன் அதையே சொன்னான் என்பதையும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1992இல் சாப்பிட மறுக்கும் நோய் வந்த 16 வயதுப் பெண்ணின் வழக்கிலும் அந்த ஊர்க் கோர்ட், சரி என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருந்தாலும் வேண்டாம் என்பதைக் கோர்ட் மீறலாம் என்றே சொன்னது. அந்த நோய்க்கு, மறுப்பதே நோயின் ஒரு பகுதி, அதனால் அந்தத் தீர்ப்பு எனக்குப் புரிகிறது.

கனடாவில் 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த 14 வயதுப் பெண்ணின் வழக்கும் ரத்தம் ஏற்றுவது பற்றியதுதான். அங்கே சொன்ன வழி எனக்கு ஓரளவு ஏற்புடையது. பிள்ளையின் நன்மை என்னவென்று கோர்ட் முடிவு செய்யலாம், ஆனால் பிள்ளை எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறதோ அவ்வளவு எடை அதன் வார்த்தைக்குத் தர வேண்டும்.

இன்னொரு கதையும் இருக்கிறது. 2008இல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் 13 வயதுப் பெண் ஒருத்தி இதய மாற்று ஆபரேஷன் வேண்டாம் என்றாள். சின்ன வயதில் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்திலேயே இதயம் கெட்டுப்போனவள். வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்தாயிற்று, போதும், வீட்டில் இருக்கிறேன் என்றாள். கோர்ட்டுக்குப் போவோம் என்று பேச்சு வந்தது. குழந்தைகள் நல அதிகாரி ஒருவர் வந்து அவளிடமே உட்கார்ந்து பேசினார், பேசி முடித்ததும் கோர்ட் பேச்சைக் கைவிட்டார்கள். அடுத்த வருஷம், உடம்பு இன்னும் மோசமான நிலையில், அவளே மனசு மாறி ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள். செய்தார்கள், பிழைத்தாள். கையைக் காலைப் பிடித்து முதல் வருஷமே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்று இதயம் வைத்தவர் ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். அது பெல்ட்டை விடப் பெரிய விஷயம், அதையும் எவ்வளவு நாள் காவல் காத்துப் போட வைக்க முடியும்?

எனக்கு வேண்டியது ரொம்பப் பெரிசு இல்லை. 16 ஆனவர் சாதாரண சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடட்டும். 12லிருந்து 16 வரை பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் ஒப்புதலும் இருக்கட்டும். உயிர் போகிற முடிவு என்றால் பெரியவர்களும் கோர்ட்டும் நடுவே வரட்டும், ஆனால் பிள்ளையை எதிரே உட்கார வைத்துக் கேட்ட பிறகு வரட்டும். பத்து வயதைத் தாண்டிய எந்தப் பிள்ளைக்கும் டாக்டரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள், பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நாங்கள் நடைபாதையில் நின்று பொருமிவிட்டுச் சமாதானமாகிவிடுவோம்.

அந்த 20 நிமிடத்தில் உள்ளே என்ன பேசினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. போன வாரம் எழுத அனுமதி கேட்டபோதுதான் பாப்பாவே கொஞ்சம் சொன்னாள். முதல் பத்து நிமிடம் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாளாம். அப்புறம் அவர் எக்ஸ்ரேயை எடுத்து, ஸ்கேலை அவள் கையில் கொடுத்து, "கோடு போட்டு நீயே அள, எத்தனை டிகிரி வருதுன்னு சொல்லு" என்றாராம். அவளுக்கு 36 வந்ததாம், அவருக்கு 38. இரண்டு டிகிரி அப்படி இப்படி வரும், தப்பில்லை என்றாராம்.

அடுத்த மாதம் செக்கப். அம்மா லீவு போட வேண்டாம், நானே ட்ரெயினில் போய் வருகிறேன் என்கிறாள் பாப்பா. கையெழுத்துக்கு ஆள் கேட்பார்களே என்று நான் கூடப் போகிறேன். அவளுக்கு 18 ஆக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.